பன்னிரண்டாம் பாதை

நோபல் பார்க், மெல்பேர்ண்
09.10.2011

அன்பின் சிவசோதி,

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இங்கே எனக்கு முழங்கால், தங்கச்சி விமலாவுக்குப் பிரஷர், மற்றபடி குறைவில்லை. ஈமெயில் போடச் சொல்லி மகன் ஒரு கொம்பியூட்டர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். விமலா அதைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள். ஆகவே பேனைதான்.

மச்சான், எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. சிரிக்காதே. அறுபத்தெட்டு வயதில் சர்வேயர் வேலை, அதுவும் மத்தியதரைக் கடலில் இருக்கிற கிரீட் தீவுக்கு! பக்கத்து வீட்டு மனோலி அந்தத் தீவுக்காரர். அவருடைய ஊர் ஒரு மலைச்சரிவில் இருக்கிறது. அதன் பெயர் என் பல்செட்டுக்கு ஒத்து வராது. ஊரில் பாதிப் பேர் ஐம்பது வருடத்துக்கு முன்னரே மெல்பேர்ணுக்கு வந்துவிட்டார்கள். இப்போது ஊர்ச்சபை இங்குள்ள அவர்களுடைய கிளப்புக்குக் கடிதம் போட்டிருக்கிறது. பழைய நடைபாதைகளைப் பதிவு செய்கிறார்களாம். அடுத்த வருடம் மார்ச் 31ஆம் திகதிக்குள் வரைபடத்தில் வந்து சேராத பாதை பக்கத்துக் காணிக்காரனுக்குப் போய்விடும். காணிக்காரர் என்றால் இப்போது விடுமுறை வீடு கட்டி விற்கிற ஆட்கள். ஊரில் மிச்சம் இருப்பது ஏழெட்டுக் கிழவிகளும் பூனைகளும்தான், அவர்களுக்கு என்ன தெரியும் என்கிறார் மனோலி. நான் சர்வேயராக இருந்தவன் என்று எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

நமக்கு ஒழுங்கை என்றால் நடக்கிற இடம். இவர்களுக்கு ஒவ்வொரு பாதைக்கும் ஒரு காரியம் இருக்கிறது. சூடு மிதிக்கிற களத்துக்கு ஒரு பாதை, அது அறுவடைக்கு மட்டும் திறக்கும். கலியாணப் பெண்ணின் சீதனப் பெட்டகத்தைக் கழுதையில் ஏற்றிக் கொண்டுபோக ஒரு பாதை. குறுக்கு வழி இருந்தாலும் அந்தச் சுற்றுவழியால்தான் போக வேண்டும், ஊர் பார்க்க வேண்டுமே! பிரேதம் போகிற பாதையில் பெட்டியை இறக்கி வைக்க மூன்று கல் இருக்கிறது. வேறு நாளில் அந்தக் கல்லில் யாரும் குந்த மாட்டார்களாம். எனக்குக் கேட்கக் கேட்க ஆசையாக இருக்கிறது.

கீறுவதற்குத்தான் எனக்குக் கை நடுங்குகிறது. உன் கை நில அளவைத் திணைக்களத்திலேயே பேர்போன கை. ஒரு மாதம் வந்து நின்று கீறித் தா. இந்த முறையாவது கண்ணால் கண்டதை மட்டும் கீறாமல், இருந்ததையும் கீறுவாய் என்று நம்புகிறேன்.

அன்புடன்,
வரதராஜா


செவன் ஹில்ஸ், சிட்னி
23.10.2011

அன்பின் வரதராஜா,

கடிதம் கிடைத்தது. முதல் பக்கம் முழுக்கச் சந்தோசமாகப் படித்தேன். கடைசி வரியில் வைத்தாயே ஊசி! முப்பத்து நாலு வருடமாக அந்த ஊசி உன் கையில் துருப்பிடிக்காமல் இருக்கிறது.

சரி, நானும் கடைசியாக ஒருமுறை எழுதி வைக்கிறேன். 1977இல் உன் தங்கச்சிக்கும் பக்கத்து வளவுக்காரருக்கும் வழக்கு வந்தது. பங்குக் கிணறு அவருடைய வளவுக்குள். விமலாவுக்குக் காணி உறுதிப் பத்திரத்தில் கிணற்றில் பங்கு எழுதியிருந்தது, போகிற வழி எழுதவில்லை. நடந்து பழகிய வழி இருந்ததா இல்லையா என்பதுதான் வழக்கு. நீதிமன்றம் என்னைப் பிளான் கீற அனுப்பியது. சிநேகிதனின் தங்கச்சி வழக்கு என்று சொல்லி நான் விலகியிருக்க வேண்டும், அது என் பிழை. போனேன். வேலி இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரு பொட்டு இல்லாமல் அடைத்திருந்தது. ஒரு ஆள் நுழைகிற இடைவெளி கூட இல்லை. நிலத்தில் நடந்த தடமும் இல்லை. கண்டதைக் கீறினேன். வேறு என்ன கீற? பொட்டு இருந்தது என்று கோட்டில் அவள் சொன்னதை விட என் பிளானைத்தான் நீதவான் நம்பினார். வழக்குத் தோற்றது.

நீ அப்போது அநுராதபுரத்தில் வேலை. வந்து பார்க்கவும் இல்லை. "என்ர தங்கச்சியின்ர வழியை நீதானடா அடைச்சாய்" என்று சர்வே கந்தோர் வாசலில் வைத்துக் கத்திவிட்டுப் போனாய். பிறகு கதைத்தாய், சிரித்தாய், இரண்டு பேரும் இந்த நாட்டுக்கு வந்தோம். ஆனால் 1998இல் என் மகள் நிவேதிகாவின் கலியாணத்துக்கு நீ வரவில்லை. முழங்கால் என்றாய். அப்போது உனக்கு ஐம்பத்தைந்து வயது, முழங்கால் குதிரை மாதிரி இருந்தது.

என் பிளானை நம்பாதவனுக்கு என் கை எதற்கு? நான் வரவில்லை. நீயே கீறு. நடுக்கத்துக்கு மேசையில் முழங்கையை ஊன்றிக்கொள்.

விமலாவை விசாரித்ததாகச் சொல்.

சிவசோதி


நோபல் பார்க்
18.12.2011

அன்பின் சிவசோதி,

நீ வரமாட்டாய் என்று தெரிந்தேதான் கேட்டேன். உன் பிடிவாதம் எனக்குப் புதிதா?

கிளப்பில் ஞாயிறு தோறும் பின்னேரம் கூட்டம். பத்துப் பன்னிரண்டு கிழவர்கள், ஒரு நீள மேசை, நடுவில் ஆகாயப் படம் ஒன்று. நான் பென்சிலோடு இருக்கிறேன். ஒருவர் களத்துப் பாதை அத்திமரத்துக்கு மேலால் போனது என்கிறார். மற்றவர் கீழால் என்கிறார். ஒன்றரை மணித்தியாலம் அத்திமரம்! அந்த மரம் செத்து நாற்பது வருடமாம். மேசையில் குத்துகிறார்கள், கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்புகிறார்கள், போன கிழமை ஒருவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போயே விட்டார். இவர்களிடமிருந்து ஒரு பாதை எடுப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. நான் ஏன் இதில் தலையைக் கொடுத்தேன் என்று ஒவ்வொரு ஞாயிறும் என்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன்.

ஆனால் சண்டை ஏன் என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. பாதை எங்கே போனது என்பதல்ல விசயம், யாருடைய வீட்டு வாசலால் போனது என்பதுதான். பெட்டகப் பாதை தன் வாசலால் போகவில்லை என்றால் மனோலியின் தகப்பனுக்கு ஊரில் மதிப்பில்லை என்று ஆகிவிடுமாம். அறுபது வருடத்துக்கு முந்திய மதிப்பு!

விமலாவும் என்னோடு வருவாள். அவள் குசினிப் பக்கம் கிளப் பெண்களோடு இருந்துவிடுவாள். இங்கிலீசும் சைகையுமாக அவர்களுக்குள் நல்ல ஒட்டு.

பதினொரு பாதை வந்திருக்கிறது. பதினொன்றுக்கும் எல்லாக் கிழவர்களும் கையெழுத்து வைத்துவிட்டார்கள். இனி மையில் கீறுவதுதான் பாக்கி. பொங்கலுக்கு முன் உனக்கு ஒரு நகல் வரும். பிழை பிடிக்க ஆசைப்படுவாய், பிடித்துப் பார்.

வரதராஜா


செவன் ஹில்ஸ்
29.01.2012

அன்பின் வரதராஜா,

நகல் வந்தது. கோடு நடுங்கியிருக்கிறது, ஆனால் வேலை நேர்மையான வேலை. பெட்டகப் பாதையின் வளைவைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். நல்லாயிருக்கு மச்சான். இதை நான் அடிக்கடி சொல்லமாட்டேன், அனுபவித்துக்கொள்.

பிழை பிடிக்கச் சொன்னாய். ஒன்று இருக்கிறது. ஊருக்குக் கீழே ஒரு ஊற்று கீறியிருக்கிறாய். அதற்குப் பாதை மேலே சதுக்கத்திலிருந்து மட்டும்தான் இறங்குகிறது. ஊற்றுக்குக் கிழக்கே, சரிவில், ஆறு வீடு ஒன்றாகக் கிடக்கிறது. அந்த ஆறு வீட்டுக்காரர் தண்ணீருக்காக மலையில் ஏறி, சதுக்கத்துக்குப் போய், திரும்ப இறங்கினார்களா? குடத்தோடு எந்தப் பைத்தியமும் அப்படி நடக்காது. அங்கே ஒரு பாதை இருந்திருக்க வேண்டும். விசாரித்துப் பார்.

பேரன் ஜசிந்தன் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டான். தமிழில் கேட்டால் இங்கிலீசில் பதில். எனக்குச் சில நாளில் வீட்டில் நான்தான் வெளிநாட்டுக்காரன் மாதிரி இருக்கிறது.

சிவசோதி


நோபல் பார்க்
12.02.2012

சிவசோதிக்கு,

மனோலியிடம் கேட்டேன். "ஆடு ஏறுகிற சரிவு அது, அங்கே பாதை என்ற பேச்சே இருந்ததில்லை" என்றார். மற்ற ஒன்பது பேரும் தலையாட்டினார்கள். அத்திமரத்தில் ஒத்துப்போகாத ஆட்கள் இதில் ஒரே குரலில் சொல்கிறார்கள் என்றால் அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இதில் எனக்குச் சிரிப்பு வருவது எதற்குத் தெரியுமா? தண்ணீருக்கு வழி இருக்க வேண்டும், குடத்தோடு யார் சுற்றி நடப்பார்கள் என்று நீ எனக்கு எழுதுகிறாய்! இந்த நியாயம் 1977இல் எங்கே போனது? என் தங்கச்சி ஒழுங்கையால் சுற்றி, பெரிய ரோட்டுக்கு ஏறி, பதினொரு வருடம் குடத்தோடு நடந்தாள். அவள் பைத்தியமா? சாத்தான் வேதம் ஓதுகிற கதையாக இருக்கிறது.

வரைபடத்தை நேற்றே தபாலில் போட்டாயிற்று. பதினொரு பாதை, பத்துக் கையெழுத்து. முடிந்த கதை. இனி இதைப் பற்றி எழுதாதே.

வரதராஜா


நோபல் பார்க்
20.05.2012

அன்பின் சிவசோதி,

மூன்று மாதமாக உன்னிடமிருந்தும் கடிதம் இல்லை, நானும் எழுதவில்லை. இதை எழுத மூன்று நாளாக உட்காருகிறேன். முதல் தாளைக் கிழித்துவிட்டேன்.

ஊர்ச்சபை பதினொரு பாதையையும் ஏற்றுக்கொண்டது. ஏப்ரல் கடைசியில் கிளப்பில் விழா வைத்தார்கள். வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டி, எனக்கு மாலை போடாத குறை. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தேஸ்பினா என்கிற அம்மா குசினியிலிருந்து ஈரக் கையோடு வந்து படத்துக்கு முன்னால் நின்றார். எழுபத்தைந்து வயது, மனோலிக்கு ஒன்றுவிட்ட சகோதரி. சிவசோதி, நான் அங்கே பெருமையோடு நின்றேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. அவர் விரலால் கிழக்குச் சரிவைத் தொட்டு, எங்கள் பாதை எங்கே என்று கேட்டார்.

அந்த ஆறு வீடும் விதவைகள் வீடு. புருசன் செத்தவள் கறுப்பு உடுத்தியபின் சதுக்கத்தால் நடக்கக்கூடாது. அங்கே ஆண்கள் கோப்பிக்கடை வாசலில் இருப்பார்கள். ஆகவே வீடுகளின் பின்னால் சரிவோடு ஒரு வழி, ஊற்றுக்கும், அங்கிருந்து சவக்காலைக்கும். தேஸ்பினா ஆறு வயதிலிருந்து தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அதில்தான் நடந்தாராம். "ஆண்கள் யாரும் அதில் கால் வைக்க மாட்டார்கள். வைத்தால், விதவை வீட்டுப் பக்கம் உனக்கு என்ன வேலை என்று ஊர் கேட்கும்," என்றார். மனோலி பொய் சொல்லவில்லை. பத்துப் பேரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே தெரியாது. தேஸ்பினாவின் அக்கா எண்பது வயதில் இன்றும் அந்த ஆறு வீட்டில் ஒன்றில் இருக்கிறார். இன்றும் அந்த வழியால்தான் புருசனின் கல்லறைக்கு விளக்கேற்றப் போகிறார். அத்தனை ஞாயிறும் தேஸ்பினா பத்தடி தூரத்தில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றார், மச்சான். பத்தடி!

அடுத்த நாளே திருத்தம் கீறி அனுப்பினேன். போன செவ்வாய் பதில் வந்தது. திகதி முடிந்துவிட்டது, பதிவாகாத வழி காணிக்காரருக்கு, அவர் மதில் கட்டத் தொடங்கிவிட்டார் என்று நாலு வரி. தேஸ்பினாவிடம் சொல்லப் போனேன். அவர் என்னை ஏசவில்லை. தேநீர் தந்தார். ஏசியிருக்கலாம்.

நீ ஜனவரியிலேயே சொன்னாய். நான் சாத்தான் என்று எழுதினேன்.

இனித்தான் உனக்குச் சொல்ல வேண்டியது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது விமலாவிடம் எல்லாவற்றையும் சொல்லிப் புலம்பினேன். "சிவசோதி எனக்குச் செய்ததை நான் அந்த மனுசிக்குச் செய்துவிட்டேன்" என்றேன். அவள் கைச் சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தாள். பிறகு சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"அண்ணை, அண்டைக்கு நான்தான் பொட்டை அடைச்சனான். சர்வேயர் வாறார், காணி அளக்கச் செயின் பிடிக்கிற ஆம்பிளையள் நாலு பேர் வருவினம் எண்டு சொல்லிச்சினம். இவர் கொழும்பில, நான் தனிய. பொட்டுக்குள்ளால பூந்து திரியிற வீடெண்டு நினைப்பினமே எண்டு வெக்கமாக் கிடந்தது. விடிய எழும்பி ரெண்டு தென்னோலைக் கிடுகு வைச்சு வரிஞ்சு கட்டினனான். அதுக்கு முதல் அங்கால வளவில கிணத்தடி வரைக்கும் கூட்டி, தண்ணியும் தெளிச்சு விட்டனான். ஆரும் பெரிய ஆக்கள் வந்தால் கூட்டித்தானே வைக்கிறது. தடம் அழியுமெண்டு எனக்கு யோசினையே வரேல்ல."

ஏன் இவ்வளவு காலம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கோட்டில அத்தினை ஆம்பிளையளுக்கு முன்னால சொல்ல வெக்கம். வழக்குத் தோத்த உடன நீங்கள் சிவசோதி அண்ணையை ஏசின ஏச்சைக் கண்டு பயந்துபோனன். அந்த ஏச்சு எனக்கல்லோ விழவேணும். பிறகு சொல்லுவம் சொல்லுவம் எண்டு காலம் போட்டுது."

சிவசோதி, என் வீட்டுக்குள்ளேயே இருந்த விசயம். நான் உன் முகத்துக்கு நேரே கத்தியதும், உன் மகளின் கலியாணத்துக்கு வராததும், ஒவ்வொரு கடிதத்திலும் குத்தியதும் எல்லாம் வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னித்துவிடு. மன்னிக்க முடியாவிட்டாலும் இரண்டு வரி எழுது.

உன்
வரதராஜா


செவன் ஹில்ஸ்
10.06.2012

வரதராஜா,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன்.

முதலில் காரியம். தேஸ்பினாவின் அக்கா இன்றும் அந்த வழியால் நடக்கிறார் என்றால் அது செத்த பாதை அல்ல. அவரே தன் கையெழுத்தில் மனுப் போடட்டும், மற்ற ஐந்து வீட்டில் இருக்கிற பெண்களும் சேர்ந்து வைக்கட்டும். மதில் எழும்ப முன்னர் போட வேண்டும். மனோலியின் சிபாரிசு வேண்டாம். இதை நீ தேஸ்பினாவிடம் நேரே போய்ச் சொல்.

இனி நம் விசயம். நீ மன்னிப்புக் கேட்டுவிட்டாய், ஆகவே நானும் ஒளிக்கக்கூடாது. அன்று அந்த வேலியில் எல்லாக் கிடுகும் நரைத்துப்போய் இருந்தன. இரண்டு மட்டும் புதிது. காலை ஒன்பது மணி வெயிலில் நிலம் ஈரமாக இருந்தது. நான் பன்னிரண்டு வருடச் சர்வேயர், எனக்கு விளங்காதா? யாரோ அடைத்திருக்கிறார்கள் என்று விளங்கியது. எதிராளி செய்த வேலையாக இருக்கலாம் என்றுகூட நினைத்தேன். விமலா விறாந்தைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். "பிள்ளை, இந்தக் கிடுகு எப்ப கட்டினது?" என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான். நான் கேட்கவில்லை. சிநேகிதனின் தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்று எதிராளியின் அப்புக்காத்து கோட்டில் எழும்பிக் கேட்பான் என்று பயந்தேன். என் பெயருக்காகப் பயந்தேன். கண்டதைக் கீறினேன் என்று உனக்கு எழுதியதெல்லாம் பாதி உண்மை. இரண்டு புதுக் கிடுகையும் கண்டேன், அவற்றைக் கீறவில்லை.

ஆகவே உன் கோபத்தில் ஒரு பங்கு எனக்கு நியாயமாகவே சேர வேண்டியது. அதை வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் எனக்கும் உன்மேல் கோபம் இருக்கிறது. கலியாணத்துக்கு வராத கோபம் ஆறிவிட்டது. இது வேறு. முப்பத்து நாலு வருடமாக நீ என்னைக் கேட்டாய், அப்புக்காத்தைக் கேட்டாய், கந்தோரில் இருந்தவன் எல்லாரையும் கேட்டாய். விமலா உன் வீட்டில், உனக்குச் சோறு போட்டுக்கொண்டு இருந்தாள். அண்டைக்கு விடிய என்ன நடந்தது பிள்ளை என்று ஒரு நாள் அவளைக் கேட்டாயா? நானும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. பதினொரு வருடம் தண்ணீர் சுமந்தவள் அவள். அதை நாம் இரண்டு பேரும் நம்முடைய சண்டையாக்கி, ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கிழவர்களானோம். இப்போதும் பார், நீ மன்னிப்புக் கேட்கிறாய், என்னிடம். அவளுக்குச் சொன்னாயா என்று உன் கடிதத்தில் தேடினேன். இல்லை.

உன் கடிதங்களுக்கு இனி நான் பதில் போடப்போவதில்லை. வந்தால் வாசிக்காமல் வைத்துவிடுவேன். நம் கடிதத்தில் நாம் இரண்டு பேரும் மாறி மாறி நல்லவராகிக்கொண்டே இருப்போம், எனக்கு அது அலுத்துவிட்டது.

இதோடு முத்திரை ஒட்டி, என் விலாசம் எழுதி, ஒரு உறை வைத்திருக்கிறேன். உள்ளே வெறும் தாள் இரண்டு இருக்கிறது. அது உனக்கில்லை. விமலாவிடம் கொடு. அவள் என்ன எழுதினாலும் சரி, ஏசி எழுதினாலும் சரி. வா என்று எழுதினால் அடுத்த ரயிலில் வருவேன். எழுதாமல் விட்டாலும் அவள் விருப்பம். நீ மேசைக்குப் பக்கத்தில் நிற்காதே, சொல்லிக்கொடுக்காதே, ஒட்டின உறையைத் தபாலில் போடுகிறேன் என்று வாங்கிக்கொண்டு போகாதே. தபால்பெட்டி வரைக்கும் அவள் நடப்பாள்.

சிவசோதி